புதுக்கோட்டைக் குன்றுகளில் முதன்முறை ஏறுபவர்களுக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில் மலை என்று பெயர் வாங்கியவை பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் ஆகிய நான்கையும் கொல்லிமலை ஏறியவரிடம் காட்டினால் சிரிப்பார். அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போக அரைமணி நேரம் தாராளம். புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். இவ்வளவுதானே என்று காலை பதினொரு மணிக்கு, அரை லிட்டர் தண்ணீரும் தேய்ந்த செருப்புமாக ஏறத் தொடங்கி, பாதியில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தக் குன்றுகள் ஆளைச் சோதிப்பது வெயிலாலும் பாறைச் சரிவாலும்தான்; உயரம் ஒரு பொருட்டே இல்லை. அந்த இரண்டுக்கும் தயாராகிவிட்டால், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழ் எழுத்து, பாண்டியர் காலத்து ஓவியம், வட்டக் கருவறை கொண்ட கற்றளி (கல்லால் கட்டிய கோயில்), சேதுபதி கட்டிய கோட்டை என்று ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இவ்வளவையும் சொந்தக் காலால் நடந்து பார்த்துவிடலாம்.

கீழே சொல்லியிருப்பது பழக்கமில்லாதவர்களுக்கு. மலையேற்றக் குழுக்களோடு சுற்றியவர்கள் நேராக இடங்களைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

முதலில் எந்தக் குன்று?

பலர் சித்தன்னவாசலிலிருந்து தொடங்குகிறார்கள். பெயர் தெரிந்த இடம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. என்னைக் கேட்டால் நார்த்தாமலையின் மேலமலைதான் முதல் பாடம். அங்கே படிக்கட்டுக்குப் பதில் அகலமான, சாய்வு குறைந்த பாறைப்பரப்பு இருக்கிறது. காலைப் பாறைக்குப் பழக்க அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது. அடுத்தது சித்தன்னவாசல்: அங்கே ஓரிடத்தில் செங்குத்தான விளிம்பை ஒட்டிப் போகவேண்டும், பாறை பழகியபிறகு போனால் பயம் குறையும். குடுமியான்மலை மூன்றாவது. திருமயத்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். படிகள் இருக்கின்றன, பஸ் வாசலருகிலேயே நிற்கும். சிறு பிள்ளைகளையோ முழங்கால் வலிக்காரர்களையோ அழைத்து வருபவர்கள் மட்டும் இந்த வரிசையை மாற்றித் திருமயத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கார் இருந்தால் முடியும். ஆனால் அப்படிப் போனவர்கள் எதையும் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு குன்றுகள் போதும்: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

எப்போது போவது?

மார்கழி, தை, மாசி. இந்த மூன்று மாதங்களில் காலை பத்து மணி வரை பாறை கையைச் சுடாது. பங்குனி பிறந்துவிட்டால் கணக்கே வேறு. சித்திரை, வைகாசியில் வெளியூர்க்காரர்கள் வரவே வேண்டாம் என்பேன். சுற்றிலும் தைலமரத் தோப்பும் முட்புதர்களுமாகக் கிடக்கும் பூமி. ஒதுங்க நிழல் கிடையாது. பாறை காலையில் உள்வாங்கிய சூட்டைச் சூரியன் மறைந்த பிறகும் விடுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்றுகள் அழகாக இருக்கும். சுனைகள் நிறைந்து, பாறையிடுக்கில் எல்லாம் புல் முளைத்திருக்கும். அதே நேரம் பாறையில் பாசி படியும். காய்ந்திருக்கும்போது கறுப்புக் கறையாகத் தெரியும் அதே தடத்தில், நனைந்தபின் கால் வைத்தால் நிற்காது. மழை பெய்த அன்று ஏறாதீர்கள்; ஒரு நாள் வெயில் அடித்தபின் போங்கள். மேலே இருக்கும்போது இடி கேட்டால் உடனே இறங்கிவிட வேண்டும். மொட்டைப் பாறையின் உச்சியில் நிற்கும் மனிதன்தான் அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருள். தனி மரத்தடியும் ஒதுங்குவதற்கான இடம் ஆகாது.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரே விதி: காலை பத்து மணிக்குள் பாறையை விட்டு இறங்கியிருக்க வேண்டும், அல்லது மாலை நான்குக்குப் பிறகு ஏறவேண்டும். மாலையில் ஏறுபவர்கள் இருட்டுவதற்கு முன் அடிவாரத்தில் இருக்கவேண்டும். சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டால், இறங்குவது செல்போன் வெளிச்சத்தில்தான். சரிவின் ஏற்ற இறக்கத்தை அந்த வெளிச்சம் காட்டாது.

என்ன எடுத்துப்போவது?

தண்ணீர், ஆளுக்கு இரண்டு லிட்டர். நீங்கள் ஒரு லிட்டர்தான் குடிப்பீர்கள். மற்றது உடன் வந்தவர்களில் எடுத்து வராத ஒருவருக்குப் போய்விடும். அப்படி ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. ஒரு புட்டியில் மோரோ, உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறோ வைத்துக்கொள்ளுங்கள். வேர்த்துக் கொட்டிய பிறகு வெறும் தண்ணீரை விட அதுதான் ஆளை நிமிர்த்தும்.

தொப்பி அல்லது தலையில் கட்ட ஒரு துண்டு. துண்டுதான் சிறந்தது: வேர்வை துடைக்கலாம், நனைத்துக் கழுத்தில் போடலாம், சுடும் பாறையில் விரித்து உட்காரலாம். முழுக்கைச் சட்டை. காரைமுள்ளும் கள்ளியும் கீறாமல் இருக்கக் கணுக்கால் வரை மறைக்கும் கால்சட்டை. வேட்டி, சேலை கட்டி வருபவர்கள் தூக்கிச் செருகிக்கொண்டால் போதும், ஊர்க்காரர்கள் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

காலணி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். விலை உயர்ந்த மலையேற்றப் பூட்ஸ் தேவையில்லை. அடிப்பாகம் மென்மையான ரப்பராக, தேயாமல் இருக்கவேண்டும். குதிகாலைப் பட்டை பிடித்திருக்கவேண்டும். ஹவாய் செருப்பு ஏறும்போது ஒன்றும் செய்யாது, இறங்கும்போது கால் முன்னால் வழுக்கி வெளியே வந்துவிடும். கோயிலுக்குள் கழற்றவேண்டியிருப்பதால் நாடா கட்டும் ஷூவை விடப் பட்டை வைத்த சாண்டல் வசதி. கூடவே ஒரு ஜோடி கெட்டியான காலுறையும் இருக்கட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் காய்ந்த கல்தளத்தைக் கடக்கவேண்டி வரும்போது அதன் அருமை தெரியும்.

ஒரு சிறிய டார்ச் அவசியம். குகைகளுக்குள்ளும், கல்வெட்டு படிக்கவும். பகலில் கல்வெட்டு தெரியவில்லை என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். பாறைமேல் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், வெட்டின் ஓரத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழுந்து நிற்கும். இந்தத் தந்திரம் தெரியாமல்தான் சிலர் சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தின்மேல் தேய்த்துப் படம் எடுக்கிறார்கள். அது தொல்லியல் சின்னத்தைச் சேதப்படுத்தும் குற்றம்.

உணவைப் பையின் அடியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை சரசரக்கும் சத்தம் குரங்குகளுக்குத் தெரியும்.

பாறையில் நடப்பது எப்படி?

படிக்கட்டில் ஏறிப் பழகியவர்கள் முன்பாதத்தை ஊன்றி ஏறுவார்கள். பாறைச் சரிவில் அது கூடாது. பாதம் முழுவதும் பாறையில் படவேண்டும்; எவ்வளவு ரப்பர் பாறையைத் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. அடி சிறிதாக இருக்கட்டும். உடம்பை முன்னால் சாய்த்துப் பாறையைக் கட்டிப்பிடிப்பதுபோல் ஏறத் தோன்றும், ஆனால் சாய்ந்தால் எடை பாதத்திலிருந்து விலகிக் கால் சறுக்கும். நிமிர்ந்தே நடங்கள். சாய்வு கூடினால் நேராக ஏறாமல் வலமும் இடமுமாக மாறி மாறிக் குறுக்கே போங்கள்.

இறங்குவதுதான் கடினம். முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, அவசரமில்லாமல் வரவேண்டும். பயமாக இருந்தால் உட்கார்ந்தபடி நகர்ந்து இறங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, கால்சட்டைதான் போகும். பாறைமேல் படிந்திருக்கும் பொடிமணல் ஈரத்தைவிட மோசம். சிறு சிறு உருண்டைகளாகப் பாறையிலிருந்து உதிர்ந்த அந்த மணல் காலடியில் உருளும். கறுப்பான தடத்தையும் மணல் தங்கிய பள்ளத்தையும் விட்டு, வெளிறிச் சொரசொரப்பாகத் தெரியும் இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள்.

பாறையிடுக்கில் கையை விடாதீர்கள். இது போன்ற வறண்ட பாறைப் பகுதி சுருட்டை விரியனுக்குப் பிடித்தமான இடம். உள்ளங்கை அகலத்துக்குச் சுருண்டு கிடக்கும், பாறை நிறத்திலேயே இருக்கும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி இறக்கி, 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பாறைத் தாழ்வாரங்களில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அதன் கீழே சத்தம் போடுவதும், புகைப்பதும், கல் எறிவதும் கூடாது. கூட்டின் அளவைப் பார்த்தாலே சொல்லவேண்டிய தேவை இருக்காது.

நார்த்தாமலை

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில், கீரனூரைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் நார்த்தாமலைக்குப் பிரியும் சாலை வரும். புதுக்கோட்டையிலிருந்து வந்தால் ஏறக்குறைய 17 கிலோமீட்டர். நடத்துனரிடம் ஏறும்போதே சொல்லிவைத்துவிடுங்கள். நார்த்தாமலை என்பது ஒரு குன்றன்று. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பொம்மாடிமலை, ஆளுருட்டிமலை என்று ஒன்பது குன்றுகள் சேர்ந்த கூட்டம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் பறந்தபோது உதிர்ந்த துண்டுகள் என்று ஊரில் கதை சொல்வார்கள், மூலிகைகள் அதிகம் என்பது அதற்குச் சான்று. வரலாறு சொல்லும் கதை வேறு: சோழர் காலத்தில் இது வணிகக் குழுக்கள் வலுவாக இருந்த ஊர்.

ஊருக்குள் முத்துமாரியம்மன் கோயிலை எல்லாரும் காட்டுவார்கள். பங்குனித் திருவிழா நாட்களில் வந்துவிடாதீர்கள். அதாவது, மலைக்காக வருபவர்கள் வரவேண்டாம், திருவிழாவுக்காக என்றால் தாராளமாக வாருங்கள். மேலமலைக்கு வழி கேட்கும்போது கல்வெட்டுப் புத்தகத்தில் இருக்கும் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் புரியாது. ஆடு மேய்ப்பவரிடம், ‘ஐயா, மலைமேல் இருக்கும் பழைய சிவன் கோயிலுக்கு எப்படிப் போகவேண்டும்?’ என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் கையால் காட்டுவதாக இருக்கும், ஆனால் தவறாக இருக்காது.

அடிவாரத்திலிருந்து பாறை மெல்ல மேலெழும். முதல் ஐந்து நிமிடம் நடந்ததும் நின்று திரும்பிப் பாருங்கள், வந்த வழியை மனத்தில் குறித்துக்கொள்ள. மொட்டைப் பாறையில் ஒற்றையடிப்பாதை பதியாது. இறங்கும்போது எந்தப் பக்கம் வந்தோம் என்று குழம்புவது சகஜம். ஒரு மரம், ஒரு பனை, ஒரு குளக்கரை என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தலையருவிச் சுனை வரும். சுனைக்குள், நீரில் மூழ்கியபடி ஒரு குடைவரையும் (பாறையைக் குடைந்து செய்த கோயில்) அதில் லிங்கமும் இருக்கின்றன. தண்ணீரை இறைத்தால்தான் தெரியும். அதைப் பார்க்கிறேன் என்று விளிம்பில் குனிய வேண்டாம். எந்தச் சுனையிலும் இறங்காதீர்கள். உள்பக்கம் பாறை சரிந்து, பாசி பிடித்து, ஏறுவதற்குப் பிடிமானம் இருக்காது. பக்கத்துக் குன்றுகளில் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்கள் இன்னும் ஆபத்தானவை. பச்சைத் தண்ணீர் தேங்கி ஆழம் தெரியாமல் கிடக்கும்.

மேலே விஜயாலய சோழீச்சரம். முதலில் ஒரு சுற்று வெளியே நடந்து வாருங்கள். மேற்கு பார்த்த கோயில், அதுவே வழக்கத்துக்கு மாறானது. நான்கு தளம் கொண்ட விமானத்தில் கீழ் மூன்றும் சதுரம், மேல்தளம் வட்டம், அதன்மேல் உருண்ட சிகரம். உள்ளே கருவறை வட்டம். அதைச் சுற்றிச் சதுரச் சுவர். இரண்டுக்கும் இடையே சுற்றுப்பாதை. சுற்றிலும் இருந்த எட்டுச் சிறு கோயில்களில் ஆறு நிற்கின்றன. பெயர் விஜயாலயனுடையதாக இருந்தாலும், கட்டியவர் யார் என்பதை வாசலருகே, துவாரபாலகரின் காலடியில் உள்ள கல்வெட்டே சொல்லிவிடுகிறது: சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி, மழையால் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் புதுக்கினான். இடி மழையில் ஏறாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது.

கோயிலுக்கு எதிரே பாறையில் குடைந்த குகைகள் இரண்டு. சிறியது பழியிலி ஈச்சரம். விடேல்விடுகு முத்தரையரின் மகன் சாத்தன் பழியிலி, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7 ஆம் ஆட்சியாண்டில் குடைவித்தது. அவன் மகள் பழியிலி சிறிய நங்கை முன்மண்டபம் எடுத்து, கோயில் செலவுக்கு நிவந்தமும் கொடுத்திருக்கிறாள். பெரியது சமணர் குடகு என்று அழைக்கப்படுவது. பிற்பாடு பதினெண்பூமி விண்ணகரம் என்னும் திருமால் கோயிலாக மாறியது. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆளுயரத்துக்கு 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும். பன்னிரண்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாகவே தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். வெளியே வந்ததும் அவசரமாகக் கிளம்பிவிடாமல், குகைக்கு முன்னாலுள்ள மேடையின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து அடியில் ஓடும் சிற்ப வரிசையைக் கவனியுங்கள். யாளி, யானை என ஒன்றையொன்று துரத்துவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு யானையின் துதிக்கை மடிப்புக்கும் அடுத்ததன் மடிப்புக்கும் வேறுபாடு தெரியும் அளவுக்குச் செய்நேர்த்தி. நின்றபடி பார்ப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படுவதில்லை.

நேரமிருந்து, வெயிலும் ஏறாமல் இருந்தால், இறங்கியபின் கடம்பர்மலைக் கோயிலுக்குப் போகலாம். அது குன்றின் அடிவாரத்தில், ஏற்றமில்லாமல் எட்டிவிடும் இடம். கோயிலை ஒட்டிய பாறைச் சரிவில் பெரிய பரப்பில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். குளமும் பக்கத்திலேயே. அங்கே நிழல் உண்டு, கட்டுச்சோற்றை அவிழ்க்க நல்ல இடம்.

சித்தன்னவாசல்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் பஸ்ஸில் ஏறினால் சுமார் 16 கிலோமீட்டர். இங்கே பார்க்கவேண்டிய இடங்கள் இரண்டு, இரண்டும் ஒரே குன்றின் வேறு வேறு பகுதியில்: மேலே துறவிகளின் கற்படுக்கைகள் உள்ள குகையான ஏழடிப்பட்டம், கீழே ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில். இரண்டையும் தொல்லியல் துறை பராமரிக்கிறது, கட்டணம் உண்டு. வாயில் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். ஏழடிப்பட்டத்தை முதலில் முடித்துவிடுங்கள், அறிவர் கோயில் குடைவரை என்பதால் வெயில் ஏறினாலும் உள்ளே குளுமை. பெரும்பாலானவர்கள் ஓவியத்தை முதலில் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் ஏழடிப்பட்டம் ஏற முயன்று, பாதியில் திரும்புகிறார்கள்.

ஏழடிப்பட்டத்துக்குப் படிகளில் ஏறி, குன்றின் முகட்டைக் கடந்து, மறுபக்கம் போகவேண்டும். நான் முன்பு சொன்ன விளிம்பு இதுதான். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் சரிவு, இடையில் கம்பித் தடுப்பு. முன்காலத்தில் கம்பியும் கிடையாது, பாறையில் வெட்டிய ஏழு காற்பள்ளங்களைத்தான் நம்பவேண்டும், பெயரும் அதனால்தான். தலைசுற்றல் உள்ளவர்கள் பாறைச் சுவரைப் பார்த்தபடி நடங்கள், கீழே பார்க்கவேண்டாம். ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். எதிரே ஆள் வந்தால் அகலமான இடத்தில் நின்று வழிவிடுங்கள். செல்போனைப் பையில் போட்டு மூடிவிடுங்கள். படம் குகைக்குள் போய் எடுத்துக்கொள்ளலாம்.

குகைக்குள் வழுவழுப்பாக இழைத்த 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணைபோல் உயர்த்திய கல்லுடன். ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. பொது ஆண்டுக்கு முந்தைய முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பது கல்வெட்டறிஞர்கள் பலரின் கணிப்பு. ஒரு துறவிக்கு இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை, ‘அதிட்டானம்’, என்ற செய்தி அதில் உள்ளது. மற்றப் படுக்கைகளில் பல நூற்றாண்டுகள் கழித்து வந்து தங்கிய துறவிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. படுக்கைகளில் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். கல்வெட்டோடு போட்டிபோட்டுத் தங்கள் பெயரையும் காதலி பெயரையும் கீறியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

அறிவர் கோயிலில் கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். விதானத்தில் தாமரைக்குளம்: மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதற்கும் இடைவெளி விட்டுத்தான் பார்க்கவேண்டும். முன்தூண்களில் ஆடல்மகளிர் இருவர், ஒரு தூணின் பக்கவாட்டில் அரசனும் அரசியும் என்று கருதப்படும் உருவங்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9 ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததை முகப்பருகே உள்ள கல்வெட்டு சொல்கிறது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக்கூடாது, சுவரைத் தொடக்கூடாது. உள்ளே கருவறையில் நின்று மெல்ல முனகினால் அறை முழுதும் ரீங்காரம் பரவும். காவலரே செய்து காட்டச் சொல்வார். நாலு பேர் ஒன்றாகக் கத்திப் பார்ப்பது மட்டும் வேண்டாம், வௌவால் முதல் காவலர் வரை யாருக்கும் பிடிக்காது.

திரும்பும் வழியில் சாலையோரக் காட்டுப்பகுதியில் கல்வட்டங்கள் தென்படும். பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், பலகைக்கல்லின் மேல் ஏறி நிற்காதீர்கள்.

குடுமியான்மலை

இங்கே ஏறுவதைவிட நிற்பதுதான் அதிகம். சிகாநாதர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தையும் நாயக்கர் காலச் சிற்பங்களையும் தாண்டிப் பின்னால் போனால் குன்றின் சரிவில் மேலைக்கோயில் குடைவரை. அதை ஒட்டிய பாறையில், கிட்டத்தட்ட 13 அடிக்கு 14 அடிப் பரப்பில், 38 வரிகளில் கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு. வரிசை வரிசையாகச் சுர எழுத்துகள் மட்டும், ஏழு பிரிவுகளாக, ஒரு பிரிவுக்கு ஒரு பண். உருத்திராசாரியரின் மாணவனான அரசன் ஒருவன் வெட்டுவித்தது. மகேந்திரவர்மன் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள், அது முடிந்த விவாதமன்று. கடைசியில் ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்று தமிழில் ஒரு வரி. சாய்வெளிச்சம் விழும் மாலை நேரத்தில் போனால் டார்ச் இல்லாமலேயே எழுத்து தெரியும். கோயில் மதியம் நடைசாத்தும் என்பதால் மாலைதான் எல்லா வகையிலும் பொருத்தம்.

குன்றின் மேலே, முகட்டுப் பாறையில், நடுவில் இடபத்தின்மேல் சிவனும் உமையும், இரு பக்கமும் 63 நாயன்மாரும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களை அருகில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டு இருட்டும் நேரத்தில் ஏறவேண்டாம். கீழிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாலே வரிசை புலப்படும்.

திருமயம்

புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர், மதுரை சாலையில். 1687 இல் சேதுபதி கிழவன் விஜயரகுநாதன் கட்டிய கோட்டை. ஏழு சுற்று மதில்கள் இருந்ததாகச் சொல்வார்கள். எல்லாம் இப்போது இல்லை. ஏறுவது எளிது. பாதி உயரத்தில் பாறையைக் குடைந்து ஒரு சிறு லிங்கக் கோயில், இரும்பு ஏணியில் ஏறித்தான் எட்டவேண்டும். ஏணியில் ஒரு நேரத்துக்கு ஒருவர். உச்சியில் பீரங்கி மேடை. அங்கே காற்று பலமாக வீசும், தொப்பி பறக்கும், மேடைக்குத் தடுப்புச் சுவர் உயரமில்லை. பிள்ளைகளின் கையை அங்கே விடாதீர்கள்.

கோட்டையைவிடக் கீழே உள்ள இரண்டு குடைவரைகள்தான் இந்த ஊரின் பெருமை: சத்தியகிரீசுவரர் கோயிலும், பக்கத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும். பெருமாள் கோயிலில் பாறையோடு பாறையாகச் செதுக்கிய பள்ளிகொண்ட திருமேனி மிகப் பெரியது. இரு கோயிலாருக்கும் இடையே எழுந்த வழக்கை 13 ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னின்று தீர்த்துவைத்த செய்தி கல்வெட்டாகவே இருக்கிறது. கோயில்கள் நடைசாத்துமுன் போகவேண்டும். காலையில் முதலில் கோட்டை, பிறகு கோயில்கள் என்று வைத்துக்கொண்டால், வெயில் ஏறும்போது நீங்கள் குடைவரைக்குள் இருப்பீர்கள்.

தங்குவதும் திட்டமும்

புதுக்கோட்டை பஸ் நிலையத்தைச் சுற்றித் தங்க விடுதிகள் இருக்கின்றன. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி, இராமேசுவரம் செல்லும் ரயில்களும் உண்டு. முதல் நாள் காலை நார்த்தாமலை, மாலை குடுமியான்மலை. இரண்டாம் நாள் காலை சித்தன்னவாசல், மாலை திருமயக் கோட்டை. திருமயத்தின் குடைவரைகளையும் நிதானமாகப் பார்க்க விரும்பினால் மூன்றாம் நாள் காலையை அதற்கு ஒதுக்குங்கள். கிராமத்துப் பஸ்களுக்கு இடைவெளி அதிகம். இறங்கியதுமே அதே நடத்துனரிடமோ டீக்கடையிலோ திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் இருந்தால் அன்னவாசல், குடுமியான்மலைப் பக்கத்துக்கு ஆட்டோ பேசிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். காத்திருப்புக்கும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். போயே தீருவேன் என்றால், எந்தக் குன்று, எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே கிடைக்கும் மதிய நேரத்துக்குப் புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணம் இருக்கிறது. அங்குள்ள அரசு அருங்காட்சியகம் 1910 இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. குன்றுகள் பழகியபின் அடுத்த முறைக்குக் குன்னாண்டார்கோயில், மலையடிப்பட்டி இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஊர்களிலும் ஏற்றம் குறைவு, குடைவரைகள் உண்டு, கூட்டம் இருக்காது. பஸ்ஸும் அதிகம் இருக்காது.